விடியற்காலையில் அமோனியா நெடி: ஐஸ் கம்பெனி பக்கத்தில் குடியிருக்கலாமா?

காசிமேட்டு மருமகள் | இரவு 9:12

கல்யாணமாகி காசிமேடு வந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஐஸ் கம்பெனி. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதிலிருந்து ராத்திரி பகலாக ஓடுகிறது. போன வாரத்தில் மட்டும் மூன்று நாள், விடியற்காலை நாலு மணி வாக்கில் ஒரு நெடி. தலைக்கு அடிக்கும் டையை டப்பாவிலிருந்து பிழிந்ததும் மூக்கில் ஏறுமே, அதே மாதிரி. பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. என் பையனுக்கு இரண்டு வயது, அவன் மட்டும் இருமிக்கொண்டே எழுந்திருக்கிறான்.

மாமியார், "அது ஐஸ் கம்பெனி வாசனை, நாற்பது வருஷமா இருக்கு" என்கிறார். வீட்டுக்காரரோ வேறு வீடு பார்க்கலாம் என்கிறார். அது அமோனியா என்று மட்டும் தெரியும். எவ்வளவு பயப்பட வேண்டும் என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி | இரவு 9:20

பயப்பட ஒன்றும் இல்லை அக்கா. அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும். நெடி வந்தால் மாடியில் இருக்காமல் கீழே வந்து தரையோடு படுத்துக்கொண்டால் போதும். பிளஸ் டூவில் படித்தது.

கம்ப்ரசர் தாத்தா | இரவு 9:58

தம்பி, நீ படித்தது சரி, படுக்கச் சொன்னதுதான் தப்பு. அதை வாத்தியார் யாராவது வந்து விளக்கட்டும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

31 வருடம் ஐஸ் பிளான்ட்டில் ஆபரேட்டர். ராயபுரத்தில் ஆரம்பித்து காசிமேட்டில் முடித்தேன். ஐஸில் அமோனியா கலந்திருக்கிறது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். கிடையாது அம்மா. அமோனியா இரும்புக் குழாய்க்குள்ளேயேதான் சுற்றும். குழாயைச் சுற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய கேன்கள். குழாய்க்குள் அமோனியா கொதித்து ஆவியாகும்போது உப்புத்தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். உப்புத்தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் உறையாது, கேனில் உள்ள தண்ணீர் உறைந்து ஐஸ் பாராகிவிடும். கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி, அழுத்தி, கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே மேலிருந்து தண்ணீர் ஊற்ற மறுபடி திரவமாகி ரிசீவரில் சேரும். அப்புறம் திரும்பத் தொட்டிக்கு. சக்‌ஷன் கேஜ் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்க அழுத்தம்) சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு, டிஸ்சார்ஜ் (அழுத்தி வெளியே தள்ளும் பக்கம்) 200 பவுண்டு, நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் கணக்கு. சித்திரை வைகாசியில் 200ஐத் தாண்டினால் கண்டென்சர் தண்ணீரை முதலில் பார்ப்போம்.

ஏன் இந்த நெடி பிடித்ததைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கலாம். விலை மலிவு, அது ஒன்று. இன்னொன்று, பழைய ஏசியில் இருக்கும் ஆர்22 என்ற வாயு ஒரு கிலோ இழுக்கும் சூட்டைப் போல ஆறு மடங்கை இது ஒரு கிலோவில் இழுக்கும். ஓசோனுக்கும் கெடுதல் கிடையாது, வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதும் கிடையாது.

இப்போது நெடிக்கு வருகிறேன். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் முக்கால்வாசி கம்பெனி நின்றுவிடும். வால்வு தண்டைச் சுற்றி க்ளாண்ட் பேக்கிங் இருக்கும், கசியாமல் அடைக்கும் திணிப்பு அது. நின்றுபோன பிளான்ட்டில் அது காய்ந்து இறுகிவிடும். திறந்ததும் ஒரேயடியாக லோடு கொடுத்தால் அங்கேதான் முதலில் கசியும். சின்னக் கசிவு. ஆனால் நாலு மணிக்கு மட்டும் வருகிறது என்கிறீர்களே, எனக்குத் தோன்றுவது வேறு: ஷிப்ட் முடியும் நேரத்தில் யாரோ ஆயில் எடுக்கிறார்கள்.

கம்ப்ரசர் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்விடும். திரவ அமோனியாவைவிட ஆயில் கனம், அதனால் அடியில் தங்கும். அதை அவ்வப்போது கீழ் வால்வு வழியாக எடுக்க வேண்டும். ஆயில் தீர்ந்ததும் அடுத்து வருவது அமோனியாதான். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்று அந்த இடத்தில் இருக்க வேண்டும். பல இடத்தில் சாதா வால்வைப் போட்டு, வாளியை வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவான். என் கண்முன்னே ஒருத்தன் அப்படிப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் இரண்டு பேருக்குக் கண் போக இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம்.

ராயபுரம் ரசிகன் | இரவு 10:11

தாத்தா, அப்படியென்றால் மார்க்கெட்டில் சில மீனில் அமோனியா நெடி வருவது? மீன் கெடாமல் இருக்க அமோனியா தெளிக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வந்ததே?

கம்ப்ரசர் தாத்தா | இரவு 10:15

தெளித்தால் தெளித்தவன் முதலில் ஓடுவான். சுறாவா, திருக்கையா வாங்கினாய்?

ராயபுரம் ரசிகன் | இரவு 10:16

திருக்கை. எப்படித் தெரிந்தது?

ஒற்றியூர் வாத்தியார் | இரவு 10:40

தாத்தா கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கடல் உப்பைச் சமாளிக்க சுறாவும் திருக்கையும் சதையிலேயே யூரியாவை வைத்திருக்கும். செத்த பிறகு பாக்டீரியா அந்த யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். அதனால் இவை நெடி அடித்தால் யாரோ தெளித்ததல்ல, மீன் பழசு என்று அர்த்தம். பொதுக் கழிப்பறையில் வரும் நெடிக்கும் காரணம் இதே யூரியாதான். அங்கே பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டும்போது கண் இன்னும் எரிகிறதல்லவா? பிளீச்சிங்கும் அமோனியாவும் சேர்ந்து குளோரமின் என்ற வாயு உண்டாகும். அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் இரண்டு கிளீனரைக் கலப்பவர்கள் கவனியுங்கள்.

தம்பி சொன்னதற்கு வருகிறேன். அமோனியாவின் மூலக்கூறு எடை 17, காற்றின் சராசரி 29. ஆகவே வாயு லேசுதான். ஆனால் குழாய் உடைந்து வெளியே வருவது பெரும்பாலும் அழுத்தத்தில் அடைபட்ட திரவம். அதன் கொதிநிலை பூச்சியத்துக்குக் கீழே 33 டிகிரி. வெளியே வந்ததும் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும், மீதி நுண்துளிகளாகச் சிதறும். அந்தக் கலவை கடுங்குளிராக இருக்கும், சென்னைக் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வெள்ளை மூட்டமாகத் தரையோடு ஊர்ந்து வரும். சூடேறிய பிறகுதான் மேலே எழும். பெரிய கசிவில் தரையில் படுத்தால் மூட்டத்துக்குள்ளேயே படுத்த மாதிரி.

சின்னகுப்பத்தான் | இரவு 11:05

வாத்தியார் சொன்ன அந்த மூட்டம் எங்களுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 26. சுனாமி நினைவு நாள். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் எண்ணூரில் கப்பலிலிருந்து அமோனியா இறக்கும் கடலடிக் குழாயில் கசிவு. எங்களை எழுப்பியது இருமல்தான். சைரன் எதுவும் என் காதில் விழவில்லை. கண்ணைத் திறந்தால் எரிகிறது, மூடினால் வழி தெரியவில்லை. பெரியகுப்பம், சின்னகுப்பம் எல்லாரும் ரோட்டில். கிடைத்த ஆட்டோவில், பைக்கில் மூன்று பேர் நாலு பேராக ஏறினோம். எந்தப் பக்கம் போவது என்று யாருக்கும் தெரியாது. என் சித்தப்பா மட்டும் நின்று, படகுக் கொடியைப் பார்த்துவிட்டு, "வாடைக் காத்து அடிக்குது, ஊருக்குள்ள நேரா ஓடாதே, பக்கவாட்டில் போ" என்றார். கடலில் போகிறவருக்குக் காற்று தெரியும். எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் அவர்தான். அக்கம்பக்கத்தில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புயல் வந்து, ஆற்றில் எண்ணெய் கலந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒன்றிலிருந்து எழுந்திருப்பதற்குள் இன்னொன்று.

மறுநாள் காற்றில் 2090 மைக்ரோகிராம் அமோனியா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. அது அதிகமா, குறைவா? இன்றுவரை எனக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை.

ஒற்றியூர் வாத்தியார் | இரவு 11:38

நான் சொல்லிப் பார்க்கிறேன். அது ஒரு கன மீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம். பத்து லட்சத்தில் பங்காக, அதாவது பிபிஎம்மாக மாற்றினால் சுமார் 3. ஊர்க்காற்றுக்கு நம் நாட்டில் 24 மணி நேரச் சராசரி வரம்பு 400 மைக்ரோகிராம், அதாவது அரை பிபிஎம்முக்குச் சற்று மேலே. அந்த வரம்பைப் போல ஐந்து மடங்கு என்று வாரியம் சொன்னது அதனால்தான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 49 என்றும் சொன்னார்கள்.

ஆனால் 3 பிபிஎம்மில் ஊரே எழுந்து ஓடாது. பலருக்கு 5 பிபிஎம் வாக்கில்தான் நெடியே தெரியும். தொழிலாளர்கள் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று பொதுவாக வைக்கும் அளவு 25. உயிருக்கு ஆபத்து, உடனே வெளியேறு என்பது 300. 5000ஐத் தாண்டினால் நிமிடங்களில் உயிர் போகலாம். கண் திறக்க முடியாமல் நீங்கள் ஓடினீர்கள் என்றால் அப்போது அங்கே இருந்தது 3 அல்ல. கருவி வைத்த நேரத்தில், வைத்த இடத்தில் மிச்சமிருந்ததுதான் அந்த எண். மூட்டம் கடந்துபோன பிறகு எடுக்கும் அளவு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தொழிலாளிக்கு 25 பிபிஎம், ஊர்க்காற்றுக்கு அரை பிபிஎம். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். தொழிலாளி எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவார், ஆரோக்கியமானவர் என்று ஒரு கணக்கு. ஊரில் கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் நாள் முழுக்க அதே காற்றில்தான் இருக்கிறார்கள். மருமகளின் பையன் மட்டும் இருமுவது ஏன் என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது.

காசிமேட்டு மருமகள் | இரவு 11:50

படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. ராத்திரி அப்படி ஏதாவது வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? ஈரத்துணி கட்டச் சொல்கிறார்கள், அது உண்மையா சும்மாவா?

வார்டு அக்கா | காலை 5:47

நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். ஈரத்துணி உண்மைதான், காரணம் அமோனியாவின் குணம். தண்ணீரைக் கண்டால் விடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 700 லிட்டர் அமோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். நம் உடம்பில் ஈரம் எங்கெல்லாம் இருக்கிறதோ, கண், மூக்கு, தொண்டை, நுரையீரல், அங்கெல்லாம் போய்க் கரைந்து காரமாகி (ஆல்கலி) அரிக்கும். வியர்த்த அக்குளிலும் தொடையிடுக்கிலும் புண்ணோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அதே குணத்தால்தான் மூக்கில் கட்டிய ஈரத்துணியும் கொஞ்சத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அது தப்பி ஓடும் நாலு நிமிடத்துக்குத்தான். ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடுகிறேன் என்று எந்த வீரனும் கிளம்பக் கூடாது.

கண்ணில் பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். குறைந்தது 15 நிமிடம், இமையை விரலால் பிரித்துப் பிடித்து ஊற்றுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டு அங்கே கழுவிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். காரம் கண்ணுக்குள் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். திரவம் பட்டு உடை தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், தண்ணீர் ஊற்ற ஊற்றத் தானாக விடும். இதற்கென்று மாற்று மருந்து எதுவும் கிடையாது. ஆக்சிஜன், மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து, கண்காணிப்பு, அவ்வளவுதான்.

அதிகமாக மூச்சில் இழுத்தவர் ஒரு மணி நேரத்தில் "நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுந்து உட்காருவார். அவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம்.

தண்டையார்பேட்டை தம்பி | காலை 7:02

அக்கா, காரம் என்றால் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சமன் ஆகாதா?

வார்டு அக்கா | காலை 7:04

கண்ணிலா? தம்பி, நீ பிளஸ் டூ பாஸ் செய்தாயா?

ஒற்றியூர் வாத்தியார் | காலை 7:30

பாஸ் செய்தவன்தான் இப்படிக் கேட்பான். சோதனைக் குழாயில் சமன் ஆகும் தம்பி, ஆகும்போது சூடும் கிளப்பும். கண்ணில் அது புதுக் காயம். அங்கே வெறும் தண்ணீர் போதும்.

தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. தரையில் தேங்கிக் கிடக்கும் திரவ அமோனியா மேல் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. அது கொதிக்கும் நிலையில் இருப்பது, நாம் ஊற்றும் தண்ணீர் அதற்கு வெந்நீர் மாதிரி. இன்னும் வேகமாக ஆவியாகும். தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பனித்திரை போல விசிறி, மிதந்து வரும் வாயுவைத்தான் பிடிப்பார்கள்.

எரியுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை இருந்தால் எரியும். வெட்டவெளியில் அபூர்வம், மூடிய மெஷின் ரூமில் வெடித்ததுண்டு.

மணலி பழசு | காலை 8:15

ஆளாளுக்கு அமோனியாவைத் திட்டுகிறீர்கள், நான் அதன் உப்பைத் தின்றவன். அப்பா மணலியில் உரக் கம்பெனி வேலை. ஹாபர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909ல் ஆய்வுக்கூடத்தில் காற்றிலிருந்து அமோனியா எடுத்துக் காட்டினார், போஷ் 1913ல் அதைத் தொழிற்சாலையாக்கினார். இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம். அந்த அமோனியாவோடு கரியமில வாயு சேர்த்தால் யூரியா. தஞ்சாவூரில் நெல் வயலில் தூவுகிறார்களே, அதில் மணலியில் பிறந்ததும் உண்டு. உலகத்தில் பாதிப் பேர் சாப்பாடு இதில்தான் நிற்கிறது என்று அப்பா சொல்வார். இதே வழியில் நைட்ரிக் அமிலம் செய்து முதல் உலகப் போரில் வெடிமருந்தும் தயாரித்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்வார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவார்களே, நினைவிருக்கிறதா? குழி தோண்டி, துருத்தி ஊதி, வெள்ளையாக ஒரு தூள் தூவுவார். புஸ்ஸென்று புகை, மூக்கைப் பிடுங்கும் நெடி, பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று இருமிக்கொண்டே பார்ப்போம். அந்தத் தூள் நவச்சாரம். சூட்டில் அது அமோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரியும். அமிலம் பித்தளையின் அழுக்கைத் தின்னும், ஈயம் ஒட்டும். ஆக, அமோனியா நமக்குப் பாட்டி காலத்துச் சொந்தம்.

ராயபுரம் ரசிகன் | காலை 8:31

பெய்ரூட் வெடித்த சமயத்தில் மணலியில் 700 டன் கிடக்கிறது என்று பயமுறுத்தினார்களே, அதுவும் இதுதானா?

மணலி பழசு | காலை 8:44

அது அம்மோனியம் நைட்ரேட். அமோனியாவும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்த உப்பு, வாயு இல்லை. 2015ல் சுங்கத்துறை பிடித்து கன்டெய்னர் கிடங்கில் வைத்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட்டில் 2750 டன் வெடித்த பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அந்த மாதமே ஹைதராபாத்துக்கு லாரி லாரியாக ஏற்றிவிட்டார்கள். ஐந்து வருடம் ஆகாத வேலை ஒரே மாதத்தில் ஆனது.

சின்னகுப்பத்தான் | காலை 9:20

சட்டத்திலும் அப்படித்தான். பெரிய அளவில் ஆபத்தான ரசாயனம் வைத்திருப்பவர், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டாரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என 1989 விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் தெருவுக்கு யாரும் வந்து சொன்னதாக எனக்கு நினைவில்லை. சித்தப்பாவின் படகுக் கொடிதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி.

கம்ப்ரசர் தாத்தா | காலை 9:45

ஐஸ் கம்பெனியில் இருப்பது சில நூறு கிலோவிலிருந்து ஓரிரு டன் வரைதான், எண்ணூர் டேங்கோடு ஒப்பிட வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம். மருமகளே, பகலில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போ. சண்டை போடாமல் மூன்று கேள்வி கேள். ஆயில் எப்போது எடுக்கிறீர்கள், அங்கே ஸ்பிரிங் வால்வு உண்டா? கந்தகக் குச்சி வைத்து லீக் பார்த்து எத்தனை நாள் ஆச்சு? முகமூடி எங்கே மாட்டியிருக்கிறது? மூன்றாவதுக்கு, "ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்" என்றால் எனக்கு உடனே எழுது.

எங்காவது பித்தளை வால்வு தெரிந்தாலும் சொல். செம்பும் பித்தளையும் அமோனியாவுக்கு ஆகாது, வெடிப்பு விட்டுவிடும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மாட்டுகிறவன் இருக்கிறான்.

இன்னொன்று, "எங்களுக்கு நெடியே தெரியல" என்று அங்கே வேலை செய்பவன் சொன்னால் நம்பாதே. மூக்கு பழகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. உன் மாமியாருக்கும் அதுவாக இருக்கலாம், கோபித்துக்கொள்ளச் சொல்லாதே.

காசிமேட்டு மருமகள் | மாலை 6:30

போய் வந்தோம். மேஸ்திரி முதலில் முறைத்தார், "கந்தகக் குச்சி" என்று சொன்னதும் "யார் சொல்லிக் கொடுத்தது" என்று சிரித்துவிட்டார். குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு வால்வாகக் காட்டினார். ரிசீவர் மேலே இருக்கும் ஒரு வால்வில் பால் மாதிரி வெள்ளைப் புகை, அங்கேதான் கசிவாம். க்ளாண்டை அரைச் சுற்று இறுக்கினார், கொஞ்சம் குறைந்தது. பேக்கிங் மாற்ற வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை நிறுத்திச் செய்கிறேன் என்றார். ஆயில் எடுப்பது விடியற்காலை நாலு மணிக்குத்தான் தாத்தா, நீங்கள் சொன்னது அப்படியே. ஸ்பிரிங் வால்வு இல்லை. இனி பகலில் ஆள் நின்று எடுக்கிறோம் என்றார், ஸ்பிரிங் வால்வு பற்றி முதலாளியிடம் பேசுகிறாராம். முகமூடி சுவரில்தான் தொங்குகிறது, ஆனால் மெஷின் ரூமுக்கு உள்ளே.

கம்ப்ரசர் தாத்தா | மாலை 6:41

உள்ளே தொங்கினால் எதற்கு? கசியும்போது அதை எடுக்க இன்னொரு முகமூடி வேண்டும். கதவுக்கு வெளியே மாட்டச் சொல். திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுது. பையனை ஒரு டாக்டரிடமும் காட்டிவிடு.

வார்டு அக்கா | மாலை 6:55

ஆமாம், டாக்டரை முதலில் பாருங்கள். எல்லா இருமலையும் ஐஸ் கம்பெனி தலையில் கட்டிவிட முடியாது.

காசிமேட்டு மருமகள் | இரவு 8:10

நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்று. வீடு மாற்றுவதை ஞாயிறு தாண்டிப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சின்னகுப்பத்து அண்ணன் சொன்னதைப் படித்துக் காட்டினேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மாமனாரின் பழைய லுங்கியைக் கிழித்து மொட்டைமாடி ஆன்டெனா கம்பியில் கட்டிக்கொண்டிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் என்று ராத்திரியில் தெரிய வேண்டுமாம்.

சின்னகுப்பத்தான் | இரவு 8:22

கட்டம் போட்ட லுங்கி இருட்டில் தெரியாது. வெள்ளை வேட்டியாகக் கட்டச் சொல்லுங்கள்.